வேலை போன கோச், லயன்ஸை ஜெயிக்க வைத்தது எப்படி? ஆண்டி ஃபேரலின் இரண்டு ரக்பி வாழ்க்கை

2025 ஜூலை 26. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 90 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். ஆனால் அன்று அங்கே நடந்தது கிரிக்கெட் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கும் இடையே ரக்பி டெஸ்ட். முதல் பாதியில் 5-23 என லயன்ஸ் பின்தங்கி நின்றது. ஆட்டம் முடியப்போகும் கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் இடது ஓரமாக ஓடிப்போய் டிரை வைக்க, ஸ்கோர் 29-26. மூன்று டெஸ்ட் கொண்ட தொடர் அங்கேயே லயன்ஸ் வசமானது. 2013-க்குப் பிறகு லயன்ஸ் ஜெயித்த முதல் தொடர் இது.

அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ஃபேரல். சரியாகப் பத்து வருடம் பின்னால் போனால், இதே மனிதர் இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் குழுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய அணியின் தோல்விக்கு, பத்திரிகைகள் கைநீட்டிய பெயர்களில் அவருடையதும் ஒன்று.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஃபேரல் வளர்ந்தது ரக்பி யூனியனில் இல்லை, ரக்பி லீக்கில். ஒரு காலத்தில் லீக் ஆடினாலே யூனியன் பக்கம் ஆயுள் தடை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், யூனியனின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான லயன்ஸ் பொறுப்பில் உட்கார்ந்தது எப்படி?

முதலில் ஒரு விஷயம்: ரக்பி ஒன்றல்ல, இரண்டு

டெஸ்ட் கிரிக்கெட், டி20 மாதிரி ஒரே விளையாட்டின் இரண்டு வடிவம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. லீக்கும் யூனியனும் 130 வருடமாகத் தனித்தனி அமைப்பு, தனித்தனி விதி, தனித்தனி ரசிகர் கூட்டம் என்று ஓடும் இரண்டு விளையாட்டுகள்.

பிரிவினைக்குக் காரணம் சம்பளம். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலானோர் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமையும் வேலை நாள். மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியையாவது கிளப் ஈடுகட்டலாம் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. வசதியான குடும்பங்களும் பெரிய பள்ளிகளும் கோலோச்சிய தலைமை, 'காசு வாங்கி ஆடினால் அது விளையாட்டே இல்லை' என்ற கொள்கையில் நின்று 1893-ல் கோரிக்கையை நிராகரித்தது. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியாகப் பிரிந்துவிட்டன. அதுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது.

பிரிந்த பிறகு விதிகளும் மாறின. யூனியனில் 15 பேர், லீக்கில் 13 பேர். லீக்கில் ஓர் அணி 6 டேக்கிள் வரைதான் பந்தை வைத்துக்கொள்ள முடியும். கபடியில் ரெய்டருக்கு 30 விநாடி கெடு இருப்பது போல, லீக்கில் கெடு 6 டேக்கிள். அதற்குள் காரியத்தை முடிக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். யூனியனில் அந்தக் கணக்கு கிடையாது. டேக்கிள் ஆனவரைச் சுற்றி இரு அணியும் பந்துக்காக முட்டி மோதலாம்.

யூனியன் வெளிப்படையாகச் சம்பளத்தை அனுமதித்தது 1995 ஆகஸ்டில்தான். பிரிந்து சரியாக 100 வருடம் கழித்து. அடுத்த ஆண்டு மே மாதம் லீக் சாம்பியன் விகனும் யூனியன் ஜாம்பவான் பாத்தும் இரண்டு மேட்ச் மோதிப் பார்த்தன. லீக் விதியில் விகன் 82-6 என நொறுக்கியது. யூனியன் விதியில் பாத் 44-19 என ஜெயித்தது. அவரவர் ஆட்டத்தில் அவரவர் ராஜா என்பது ஊருக்கே தெரிந்தது.

அந்த விகன் கிளப்பில்தான் ஃபேரல் ஆடிக்கொண்டிருந்தார்.

16 வயதில் சீனியர் அணி, 16 வயதில் அப்பா

1975 மே 30-ல் விகனில் பிறந்தவர் ஆண்டி ஃபேரல். நிலக்கரியும் பஞ்சாலையும் வளர்த்த ஊர். அங்கே ரக்பி என்றால் லீக்தான். 1991-ல் 16 வயதிலேயே விகன் சீனியர் அணிக்காகக் களமிறங்கினார். அதே வருடம் செப்டம்பரில் மகன் ஓவன் பிறந்தார். மற்ற பையன்கள் பள்ளி முடித்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வயதில், அவருக்குக் குடும்பமும் வேலையும் ஒன்றாக வந்துவிட்டன.

அப்போதைய விகன் லேசுப்பட்ட அணி இல்லை. 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு முறை சேலஞ்ச் கோப்பையை வென்ற அணி. அதில் இடம் பிடிப்பதே பெரிய பாடு. ஃபேரல் 1993-ல் 18 வயதைத் தொடும் முன்பே வெம்பிளியில் கோப்பை இறுதிப்போட்டி ஆடி ஜெயித்தார். அதே ஆண்டு கிரேட் பிரிட்டன் அணியில் இடம். 1996-ல் 21 வயதில் கிரேட் பிரிட்டன் கேப்டன்.

ஆறடிக்கு மேல் உயரம், முரட்டு உடம்பு. ஆனால் பாஸ் செய்வதில் நிதானம், கோல் உதைப்பதில் துல்லியம். விகனுக்காக மட்டும் 3,000 புள்ளிகளுக்கு மேல் எடுத்திருக்கிறார். இங்கிலாந்து லீக்கின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருதை 1996, 2004 என இரண்டு முறை வாங்கினார். 2004-ல் உலகின் சிறந்த லீக் வீரருக்கான 'கோல்டன் பூட்' விருதும் அவருக்கே.

லீக்கில் அதற்கு மேல் சாதிக்க அவருக்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. ஊரிலேயே ராஜாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கலாம்.

30-ஐத் தொடும் வயதில் மறுபடியும் 'ஃப்ரெஷர்'

2005-ல் அவர் எடுத்த முடிவு பலருக்கும் புரியவில்லை. விகனை விட்டு, லண்டன் பக்கமுள்ள சாரசென்ஸ் யூனியன் கிளப்பில் சேர்ந்தார். 2007 உலகக் கோப்பையை மனதில் வைத்து இங்கிலாந்து ரக்பி யூனியன் அமைப்பும் இந்த ஒப்பந்தத்துக்குக் கைகொடுத்தது.

எடுத்த எடுப்பிலேயே சறுக்கல். அடுத்தடுத்துக் காயங்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அவரால் ஆடவே முடியவில்லை. ஆட வந்த பிறகு அடுத்த தலைவலி, இவரை எங்கே நிறுத்துவது? முன்வரிசை ஆட்களோடு ஃபிளாங்கராகவா, பின்வரிசையில் சென்டராகவா? சாரசென்ஸிலும் இங்கிலாந்து அணியிலும் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் கடைசி வரை கிடைக்கவில்லை.

2007 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து யூனியன் அணியில் அறிமுகமானார். அந்த ஆண்டு உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். மொத்தமே 8 சர்வதேச மேட்ச். லீக்கில் உலகின் நம்பர் 1 என்று பெயர் வாங்கியவருக்கு இது சாதாரணக் கணக்குதான். 2009-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

வீரராகப் பார்த்தால் அந்தத் தாவல் தோல்வி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்த நான்கு வருடத்தில் அவர் யூனியனை உள்ளே இருந்து கற்றுக்கொண்டார். எல்லாம் தெரிந்த இடத்திலிருந்து எதுவும் தெரியாத இடத்துக்குப் போய், சின்னப் பையன்களிடம் விதி கேட்டுக் கற்றுக்கொண்ட அனுபவம் பின்னால் கோச் வேலைக்கு முதலீடாக மாறியது.

லீக் ஆட்களை யூனியன் ஏன் தேடிப் போனது?

ஃபேரல் கோச் ஆன நேரம் அவருக்குச் சாதகமான நேரம். 1995-க்குப் பிறகு யூனியன் வீரர்கள் முழுநேரத் தொழிலாளர்கள் ஆனார்கள். உடல்தகுதி கூடியது, பந்தை விடாமல் வைத்திருக்கும் நேரமும் கூடியது. திடீரென்று ஒரு பிரச்சினை முளைத்தது. தடுப்பாட்டத்தைப் பாடமாகச் சொல்லித்தர யூனியனில் போதுமான ஆட்கள் இல்லை.

லீக்கிலோ அதுதான் அன்றாடச் சாப்பாடு. ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுப்பு அணி 10 மீட்டர் பின்னால் போய், மறுபடி ஒரே கோடாக முன்னால் பாய வேண்டும். ஒருவர் அரை அடி பிந்தினாலும் கோட்டில் ஓட்டை. இதையே ஒரு மேட்ச்சில் நூற்றுக்கணக்கான முறை செய்பவர்கள் லீக் வீரர்கள். யார் யாரைப் பிடிப்பது, எவ்வளவு வேகத்தில் பாய்வது, எப்போது பொறுப்பது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு.

அதனால்தான் 2003-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து யூனியன் அணியின் தடுப்பாட்டக் கோச்சாக, லீக்கிலிருந்து வந்த ஃபில் லார்டர் இருந்தார். விகனின் இன்னொரு ஜாம்பவான் ஷான் எட்வர்ட்ஸ் வேல்ஸ் அணிக்குப் போய் மூன்று கிராண்ட் ஸ்லாமில் பங்கெடுத்து, பிறகு பிரான்ஸ் அணிக்குப் போனார். லீட்ஸ் அணியின் முன்னாள் கேப்டன் கெவின் சின்ஃபீல்டு பின்னாளில் இங்கிலாந்து யூனியன் குழுவில் சேர்ந்ததும் இதே பாதையில்தான். ஒரு நூற்றாண்டு தடை போட்ட அமைப்பு, கடைசியில் அதே ஆட்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது.

ஆனால் இந்தப் பாதையில் வந்தவர்களில் பெரும்பாலானோர் தடுப்பாட்ட 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மொத்த அணியையும் நடத்தும் பொறுப்பு யூனியனிலேயே வளர்ந்தவர்களுக்குத்தான் போனது. ஃபேரல் அந்த வரம்பைத் தாண்டியவர். அவருடைய கதை கவனிக்கப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

2015: சொந்த மண்ணில் சரிவு

சாரசென்ஸ் 2011-ல் இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றபோது ஃபேரல் அதன் பயிற்சிக் குழுவில் இருந்தார். அந்த அணியில் மகன் ஓவனும் ஆடினார். 2012-ல் ஸ்டூவர்ட் லங்காஸ்டர் தலைமையிலான இங்கிலாந்து குழுவுக்கு ஃபேரல் போனார். அந்த ஆண்டு டிசம்பரில் நியூசிலாந்தை 38-21 என இங்கிலாந்து வீழ்த்தியது. 2013-ல் லயன்ஸ் அணியின் தடுப்பாட்டக் கோச்சாக ஆஸ்திரேலியா போய்த் தொடரை ஜெயித்து வந்தார். கிராஃப் மேலே ஏறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வந்தது 2015 உலகக் கோப்பை. இங்கிலாந்துதான் நடத்தும் நாடு. அதற்குச் சில மாதம் முன்பு லீக்கிலிருந்து யூனியனுக்குத் தாவியிருந்தார் சாம் பர்ஜஸ் என்ற நட்சத்திரம். கிளப் அணியான பாத் அவரை ஃபிளாங்கராக ஆட வைத்தது, இங்கிலாந்து அவரைச் சென்டராகத் தேர்வு செய்தது. ஃபேரலுக்கே நேர்ந்த அதே இடக் குழப்பம். வேல்ஸுக்கு எதிரான மேட்ச்சில் பர்ஜஸ் சென்டராகவும், ஓவன் ஃபேரல் ஃப்ளை-ஹாஃபாகவும் இறக்கப்பட்டார்கள். லீக் பாசம், மகன் பாசம் என்று இரண்டு பக்கமும் அடி விழுந்தது. அன்று இங்கிலாந்து எடுத்த 25 புள்ளிகளில் 20 ஓவனின் காலில் வந்தவை. ஆனால் வேல்ஸ் 28 எடுத்துவிட்டது. அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடம் 13-33. தனியாக உலகக் கோப்பையை நடத்திய ஒரு நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல் முறை.

நவம்பரில் லங்காஸ்டர் விலகினார். புதிதாக வந்த எடி ஜோன்ஸ், பழைய துணைப் பயிற்சியாளர்கள் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. பர்ஜஸ் லீக்குக்கே திரும்பிவிட்டார். 40 வயதில் ஃபேரல் வேலை இல்லாமல் நின்றார்.

அயர்லாந்து ஏன் கூப்பிட்டது?

சில வாரங்களிலேயே அழைப்பு வந்தது. 2016 ஜனவரியில் அயர்லாந்து தன் தடுப்பாட்டக் கோச்சாக அவரை அறிவித்தது. தோற்றுப்போன குழுவின் ஆள் என்று பார்க்காமல், அவருடைய குறிப்பிட்ட திறமை என்ன என்று பார்த்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஜோ ஷ்மிட்டுக்குத் தேவைப்பட்டது கோட்டை உடையாமல் காக்கத் தெரிந்த ஒருவர்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2016 நவம்பரில் சிகாகோவில் நியூசிலாந்தை 40-29 என அயர்லாந்து வென்றது. 111 வருடத்தில் ஆல் பிளாக்ஸுக்கு எதிராக அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் வெற்றி. 2018-ல் சிக்ஸ் நேஷன்ஸ் கிராண்ட் ஸ்லாம். அதே ஆண்டு நவம்பரில் டப்ளினில் நியூசிலாந்துக்கு ஒரு டிரைகூடக் கொடுக்காமல் 16-9 என வெற்றி. அந்த மாதமே, உலகக் கோப்பைக்குப் பிறகு ஷ்மிட் இடத்துக்கு ஃபேரல்தான் என்று அறிவிப்பும் வந்தது.

2019 உலகக் கோப்பை அயர்லாந்துக்குக் கசந்தது. முதல் சுற்றில் ஜப்பானிடம் தோல்வி, காலிறுதியில் நியூசிலாந்திடம் 14-46. அந்த நிலையில் ஃபேரல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 44. 16 வயதில் சீனியர் ஆட்டம் தொடங்கியவர், ஒரு தேசிய அணியின் முதல் நாற்காலியில் உட்கார 28 வருடம் ஆனது.

ஷ்மிட்டுக்குப் பிறகு மாறியது என்ன?

ஷ்மிட் நுணுக்கத்தின் ஆள். ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டியே வரைந்து வைத்ததாக இருக்கும். அது பெரும் வெற்றிகளைத் தந்தது. ஆனால் 2019-ல் எதிரணிகள் அந்தத் திட்டத்தைப் படித்துவிட்டபோது, மாற்று வழி அணியிடம் இல்லை.

ஃபேரல் அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் உரிமையைக் களத்தில் இருப்பவர்கள் கையில் கொடுத்தார். எதிரில் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்து ஆடுங்கள் என்பதுதான் ஃபார்முலா. கனத்த முன்வரிசை ஆட்களும் பாஸ் செய்யப் பழகினார்கள். பந்தை வாங்குபவருக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் தயாராக ஓடி வருவார்கள். தடுப்பவருக்கு யாரைப் பிடிப்பது என்ற குழப்பம் வரும். கிட்டத்தட்ட ஒரு நல்ல லீக் அணி தாக்குவது மாதிரி.

இது ஒரே ராத்திரியில் வரவில்லை. 2021 சிக்ஸ் நேஷன்ஸில் முதல் இரண்டு மேட்ச்சும் தோல்வி. 'இவர் துணைக் கோச்சாகவே இருந்திருக்கலாம்' என்ற பேச்சு அப்போது எழுந்தது. அந்தத் தொடரின் கடைசி மேட்ச்சில் இங்கிலாந்தை 32-18 என வென்ற பிறகுதான் அணி வேறு முகம் காட்டியது.

2022 ஜூலையில் நியூசிலாந்துப் பயணம். ஆக்லாந்தில் 19-42 என உதை. அங்கிருந்து எழுந்து டனீடினில் 23-12, வெலிங்டனில் 32-22. நியூசிலாந்து மண்ணில் அயர்லாந்து வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. உலகத் தரவரிசையில் முதலிடம் வந்தது. 2023 மார்ச்சில் இங்கிலாந்தை 29-16 என வீழ்த்தி கிராண்ட் ஸ்லாம். அந்த ஆண்டின் உலகச் சிறந்த ரக்பி பயிற்சியாளர் விருதும் ஃபேரலுக்கே.

2023 உலகக் கோப்பைக்குத் தொடர் வெற்றிகளோடு போன அணி, காலிறுதியில் நியூசிலாந்திடம் 24-28 எனத் தோற்றது. கடைசி நிமிடத்தில் அயர்லாந்து பந்தை விடாமல் 37 முறை முட்டிப் பார்த்தும் கோட்டைத் தொட முடியவில்லை. 17 மேட்ச் வெற்றி வரிசை அங்கே முடிந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டு சிக்ஸ் நேஷன்ஸ் பட்டத்தை அயர்லாந்து தக்கவைத்துக்கொண்டது.

அப்பா ஒரு பக்கம், மகன் எதிர்ப் பக்கம்

2023-ல் டப்ளினில் கிராண்ட் ஸ்லாம் வென்ற அந்த மேட்ச்சில், எதிரணியான இங்கிலாந்தின் கேப்டன் ஓவன் ஃபேரல். அப்பா கோப்பையை வாங்கியது மகனின் அணியைத் தோற்கடித்து. 2016 முதல் பல வருடம் இந்தக் குடும்பத்துக்கு இது வாடிக்கையாகிப் போனது.

சிக்கல் களத்துக்கு வெளியேதான் பெரிதாக வந்தது. 2023 ஆகஸ்டில் வேல்ஸுக்கு எதிரான மேட்ச்சில் உயரமான டேக்கிளுக்காக ஓவனுக்குச் சிவப்பு அட்டை. விசாரணைக் குழு அதை ரத்து செய்தது. உலக ரக்பி அமைப்பு மேல்முறையீடு செய்ய, 4 மேட்ச் தடை வந்தது. தலையில் விழும் அடிகளின் ஆபத்து குறித்து ரக்பி உலகம் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தடை நியாயம் என்றவர்களின் வாதத்தில் வலு இருந்தது. ஆனால் விமர்சனம் டேக்கிளைத் தாண்டி ஆள் மீதான தாக்குதலாக மாறியது. அயர்லாந்து கோச்சாகப் பத்திரிகையாளர் முன்பு உட்கார்ந்திருந்த ஆண்டி ஃபேரல், அந்தச் சூழலை வெளிப்படையாகவே கண்டித்தார்.

அந்த நவம்பரில், தன் மனநலத்துக்கும் குடும்பத்தின் நலனுக்கும் முன்னுரிமை தர விரும்புவதாகச் சொல்லி ஓவன் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். பிரான்ஸ் கிளப்பான ரேசிங் 92-க்குப் போனார்.

இந்தப் பின்னணியோடு 2025-ஐப் பார்க்க வேண்டும். லயன்ஸ் பயணத்தில் எலியட் டேலி கை முறிந்து வெளியேற, அவர் இடத்துக்கு ஃபேரல் அழைத்தது ஓவனை. ஃபார்மில் இருந்த வேறு ஆட்கள் இருக்கும்போது மகனா என்று கேள்வி எழுந்தது. கேள்வி எழுவதும் இயல்புதான். ஏற்கெனவே மூன்று லயன்ஸ் பயணம் போன அனுபவசாலி என்பது தேர்வை ஆதரித்தவர்களின் பதில். மெல்போர்னில் மாற்று வீரராக இறங்கிய ஓவன், ஜெயித்த அணியில் இருந்தார். முடிவு சரியாக அமைந்ததால் விவாதம் அடங்கியது. தோற்றிருந்தால் 2015 மறுபடியும் தோண்டப்பட்டிருக்கும்.

முழுப் பெருமையும் ஒருவருக்கா?

கோச் ஒருவரை மந்திரவாதி ஆக்கிவிடுவது விளையாட்டுச் செய்திகளின் பழைய வியாதி. ஃபேரல் விஷயத்தில் மூன்று விஷயங்களைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அயர்லாந்தின் அமைப்பு. அங்கே தொழில்முறை ரக்பி நான்கு மாகாண அணிகளுக்குள் அடக்கம். முக்கிய வீரர்களுக்குத் தேசிய அமைப்பே நேரடியாக ஒப்பந்தம் போடுகிறது. யார் எத்தனை மேட்ச் ஆடலாம், எப்போது ஓய்வு என்று தேசிய அணியின் தேவையைப் பார்த்து முடிவு செய்யலாம். இங்கிலாந்து கோச்சுக்குக் கிளப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டாவது, லென்ஸ்டர். 2025 லயன்ஸ் பயணத்துக்கு முதலில் அறிவிக்கப்பட்ட 38 பேரில் 15 பேர் அயர்லாந்து வீரர்கள், அதில் 12 பேர் லென்ஸ்டர் என்ற ஒரே மாகாண அணியைச் சேர்ந்தவர்கள். வாரா வாரம் சேர்ந்து ஆடுபவர்களே தேசிய அணியிலும் இருந்தால் புரிதல் தானாக வரும். வேல்ஸிலிருந்து இரண்டே பேர் என்பதால், 'இது லயன்ஸா, அயர்லாந்து ப்ளஸ்ஸா' என்ற கேலியும் வந்தது.

மூன்றாவது, எதிராளியின் நிலைமை. தொடருக்கு முன் ஆஸ்திரேலியா தடுமாறிக்கொண்டிருந்த அணி. அதன் கோச் யார் தெரியுமா? ஃபேரலை அயர்லாந்துக்கு அழைத்த அதே ஜோ ஷ்மிட். பிரிஸ்பேனில் 27-19 என லயன்ஸ் ஜெயித்தது. மெல்போர்ன் வெற்றியின் கடைசி டிரைக்கு முன் நடந்த மோதல் விதிமீறலா என்று நடுவர்கள் திரையில் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். சிட்னியில் ஆஸ்திரேலியா 22-12 என வென்றது. 2-1 என்ற கணக்கு பார்க்க எளிது, ஜெயித்த விதம் அப்படியல்ல.

இதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது உண்டு. இதே அமைப்பும் இதே லென்ஸ்டரும் இருந்தபோது 2019-ல் அயர்லாந்து இறுகிப் போய் நின்றது. அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது ஃபேரல். நான்கு நாட்டு வீரர்களைச் சில வாரத்தில் ஒரே அணியாக்கி, 18 புள்ளி பின்தங்கியும் பதறாமல் ஆட வைத்ததும் அவர் குழுதான்.

அடுத்து என்ன?

லயன்ஸ் வெற்றியோடு கதை சுபம் போட்டு முடியவில்லை. அயர்லாந்துக்குத் திரும்பிய ஃபேரலுக்கு 2025 நவம்பர் கடினமான மாதமாக அமைந்தது. 2016-ல் சரித்திரம் படைத்த அதே சிகாகோவில் நியூசிலாந்திடம் 13-26 எனத் தோல்வி. டப்ளினில் தென்னாப்பிரிக்காவிடம் 13-24. உச்சத்தில் இருந்த வீரர்கள் பலருக்கு வயது ஏறிவிட்டது. பல வருடம் அணியைத் தோளில் சுமந்த ஜானி செக்ஸ்டன் 2023-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய 10-ம் நம்பர் சட்டைக்கு நிரந்தர ஆள் யார் என்ற கேள்வி அதன் பிறகும் தொடர்ந்தது.

ஃபேரலின் ஒப்பந்தம் 2027 உலகக் கோப்பை வரை. அது நடக்கப்போவது ஆஸ்திரேலியாவில். அயர்லாந்து இதுவரை ஒரு உலகக் கோப்பையில்கூட அரையிறுதியைப் பார்த்ததில்லை. தரவரிசையில் முதலிடம், கிராண்ட் ஸ்லாம், நியூசிலாந்தில் தொடர் வெற்றி என எல்லாம் இருந்தும் காலிறுதிச் சுவர் அப்படியே நிற்கிறது.

அந்தச் சுவரை உடைக்க, தனக்குப் பெயர் வாங்கித் தந்த வீரர்களில் சிலரையே ஃபேரல் ஓரம்கட்ட வேண்டி வரலாம். விசுவாசத்துக்குப் பேர்போன கோச்சுக்கு அது லேசான வேலை இல்லை. 2015-ல் தன்னையே ஓரம்கட்டிய முடிவு எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர் அவர். இந்த முறை அந்தப் பட்டியலை எழுதப்போவது அவருடைய கைதான்.